ஆறாவது தகடு

பாய்மரம் ஏறி இறங்கியே பிழைப்பவள் என்பதால் படகுத்துறையில் அவளுக்கு ஏணி என்று பெயர். இருபது வருஷமாகப் பாய்ப்படகுகளுக்குக் கம்பி கட்டுகிறவள். ஊரார் ஒரே பேச்சில் கேட்டுக்கொள்ளும் விஷயத்தைச் சொந்தத் தம்பிக்குப் புரியவைக்கத்தான் வாய் வலித்தது.

தம்பி பழைய பாய்ப்படகு ஒன்றை வாங்கிக் கரையேற்றி, பாய்மரத்தை இறக்கிப் படுக்கவைத்து, மாதக்கணக்கில் தேய்த்து முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளப்பாக்கியிருந்தான். பாய்மரத்தை நிமிர்த்தும் முன் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லி அக்காவைக் கூப்பிட்டான். அவள் கண் நேராக மேல்தளத்தின் ஓரத்துக்குப் போனது. பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பிகள், பக்கத்துக்கு மூன்றாக ஆறு தகடுகளில் மாட்டும். தகடுகள் தளத்தைத் துளைத்து உள்ளே இறங்கும் இடத்தில், டீ சிந்திக் காய்ந்தது போலக் கறை.

"ஆறையும் கழட்டணும்டா."

"எவர்சில்வர்க்கா இது. அம்மா வாங்கின டம்ளர் இன்னும் புதுசு மாதிரி இருக்கு."

"டம்ளரைக் கழுவிக் கவுத்து வைக்கிறோம். இது காத்தே படாம உப்புத் தண்ணில ஊறிக் கெடக்கு. வெளிய மினுக்கும், உள்ள விரிஞ்சிடும்."

"உனக்கு எதுலயும் ஒரு குத்தம் சொல்லணும்."

தகடுகளின் நட்டுகள் படகின் உள்ளறையில், அலமாரிக்குப் பின்னால் இருந்தன. "அண்ணி, நேத்துதான் அதுக்கு வார்னிஷ் காஞ்சுது" என்று தம்பி மனைவி வந்து நின்றாள். வேறு வழியில்லாமல் ஏணி அலமாரியின் முதுகை அறுத்தாள். அதற்கப்புறம் தம்பி மனைவி அவளிடம் பேசியதெல்லாம் ஒற்றை வார்த்தைகள்தான்.

ஒருக்களித்துப் படுத்து, ஒரே கையால் ஸ்பேனரைத் திருக வேண்டியிருந்தது. எண்ணெய் விட்டாள், சூடு காட்டினாள், தட்டினாள். நட்டு அசைவேனா என்றது. முதல் தகடு வெளியே வர அரை நாள் ஆனது. துடைத்துப் பார்த்தால் ஒரு கீறல்கூட இல்லை. இரண்டாவதும் அப்படியே. ஐந்தாவதையும் பூதக்கண்ணாடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். குழந்தையின் முகம் போலச் சுத்தமாக இருந்தது.

"இதுக்கா அலமாரியை அறுத்தே?" என்றான் தம்பி.

அதற்குள் பட்டறையிலிருந்து புதுத் தகடுகள் வந்தன. துளைகள் எதுவும் பொருந்தவில்லை. போனில் லேத்காரரைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அவள் எழுதிக்கொடுத்த தாளைப் படமெடுத்து அனுப்பினார். அவளுடைய கையெழுத்தில் ஏழு என்ற எண் ஒன்று போலத் தெரிந்தது. வேலை இன்னும் ஐந்து நாள் தள்ளிப்போனது. யாரைத் திட்டுவதென்று தெரியாமல் ஸ்பேனரைத் திட்டினாள்.

ஆறாவது தகட்டில் போல்ட்டின் தலை உடைந்து, தண்டு மரத்துக்குள்ளேயே தங்கிவிட்டது. மணிக்கட்டு வீங்கிப்போன ஏணி, அறுத்த பலகைமேல் உட்கார்ந்தாள்.

"விட்டுடு. மத்த அஞ்சும் நல்லாத்தானே இருந்துச்சு. இதுவும் இருக்கும்."

இருபது வருஷத்தில் அவள் வாயிலிருந்து வராத பேச்சு அது. சொன்ன பிறகு அவளுக்கே நாக்கு கசந்தது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

தம்பிதான் ஒத்துக்கொள்ளவில்லை. "அஞ்சு புதுசா மின்னும்போது இது மட்டும் அழுது வடியணுமா? பாக்கறவன் சிரிப்பான்." துளைபோடும் எந்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே நுழைந்தான். இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டி, தகட்டை வெளியே இழுத்துப் போட்டான்.

அவள் அதை இடுக்கியில் வைத்து இறுக்கி, சும்மா ஒரு தட்டு தட்டினாள். பிஸ்கட் போல இரண்டாக உடைந்தது. உடைந்த முகத்தில் நகக்கனத்துக்கு மட்டும் வெள்ளை உலோகம், மிச்சமெல்லாம் கறுப்பு. முதல் பலத்த காற்றிலேயே பாய்மரம் சாய்ந்திருக்கும்.

தம்பிக்கு முகம் வெளுத்தது. "அப்பவே சொன்னியேக்கா" என்றான்.

"நான் விடச் சொன்னேன்டா."

"அலுப்புல சொன்னது. அதைப் போய்."

படகு ஒருவழியாகத் தண்ணீரில் இறங்கியது. எங்க அக்கா கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று துறை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான் தம்பி. கேட்டவர்கள் எல்லாரும் வந்து பாராட்டினார்கள். "நான் கைவிட்டுட்டேன். அவன் அழகு பார்த்துதான் கழட்டினான்" என்று அவளும் ஒவ்வொருவரிடமும் சொல்லிப் பார்த்தாள். தன்னடக்கம் என்று சிரித்தார்களே தவிர, ஒருவரும் நம்பவில்லை.

"நல்லதா நாலு வார்த்தை சொன்னா ஏன் இப்படி எரிஞ்சு விழறே?" என்றார் அவள் கணவர். வீங்கிய கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டிருந்தாள் ஏணி.