பச்சைக் கயிறு கட்டிய இரண்டு பெட்டிகள்

இந்த மே மாதம் பள்ளி விடுமுறையில் நானும் என் கணவரும் ஒன்பது வயது மகள் ஜெனியும் ஒரு வாரம் கொழும்புக்குப் போய்விட்டு வந்தோம். கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் அக்காவைப் பார்க்கத்தான் இந்தப் பயணம். ஜெனியின் புதுநன்மைக்கு, அதாவது பிள்ளைகள் கோவிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாளுக்கு, அக்கா தூத்துக்குடிக்கு வருவதாக இருந்தது. அத்தானுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆனதால் அவளால் வீட்டைவிட்டு நகர முடியவில்லை. நான் வராவிட்டாலும் நான் தைத்த உடுப்பாவது பிள்ளை மேல் இருக்கட்டும், கூட்டிக்கொண்டு வா, அளவெடுக்க வேண்டும் என்றாள். போனில் அளவு சொன்னால் போதாதா என்று கேட்டேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. டிக்கெட் போட்டுவிட்டோம்.

கொழும்பில் என்ன பார்க்கலாம் என்று நிறைய பேர் எழுதியிருக்கிறார்கள். நான் திரும்பி வந்த கதையைத்தான் எழுதப்போகிறேன். கூத்து நடந்தது அதில்தான்.

முதலில் வழி. எங்கள் துறைமுகத்திலிருந்து பார்த்தால் எதிர்க்கரைதான் இலங்கை. ஆனால் அங்கே பறக்க, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு 140 கிலோமீட்டர் உள்நாட்டில் இருக்கும் மதுரைக்குப் போக வேண்டும். போக வர ஒருவருக்குப் பதினான்காயிரத்துச் சொச்சம் ஆனது. சனிக்கிழமை திரும்பினால் டிக்கெட் மலிவு என்று என் கணவர் அதையே போட்டுவிட்டார். புதுநன்மை ஞாயிறு காலை. ஒரு நாளாவது இடைவெளி வேண்டாமா என்று கேட்டதற்கு, எதற்கு, நாம் என்ன நடந்தா வரப்போகிறோம் என்றார்.

கொட்டாஞ்சேனையிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையம் 35 கிலோமீட்டர். எக்ஸ்பிரஸ் சாலையில் போனால் முக்கால் மணி நேரம், வண்டிக்கு இலங்கைக் காசில் 5,200 ரூபாய். அக்கா வாசலில் நின்று ஜெனியிடம் உடுப்பை எப்படி மாட்ட வேண்டும், கிரீடத்தை எத்தனை ஊசி வைத்துக் குத்த வேண்டும் என்று மூன்று தடவை சொன்னாள். நான்காம் தடவை சொல்ல வந்தபோது அழுதுவிட்டாள். நானும்தான்.

பெட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரில் வெளிநாடு போகிறவர்கள் பெட்டியைச் சுற்றி வலைக்கயிறு கட்டுவார்கள். பச்சை நைலான் கயிறு. அறுந்துபோகாது, பெல்ட்டில் வரும்போது தூரத்திலேயே தெரியும். உடுப்பையும் கிரீடத்தையும் உள்ளே வைத்து என் கணவர் வழக்கம்போல இறுக்கிக் கட்டியிருந்தார்.

காலை 10.40க்குக் கிளம்பிய விமானம் 11.45க்கு மதுரையில் இறங்கியது. இமிகிரேஷன் வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றோம். அதற்குள் ஜெனி எங்களுக்குப் பின்னால் நின்ற மஞ்சள் சேலைக்காரம்மாவிடம் தன் சரித்திரம் முழுவதையும் சொல்லி முடித்துவிட்டாள். நாளைக்குப் பெரிய கோவிலில் புதுநன்மை, பெரியம்மா தைத்த உடுப்பு, அதில் எத்தனை முத்து என்பது வரை. அவர்களைத் தொந்தரவு செய்யாதே என்று நான் கையைப் பிடித்து இழுத்தேன். அந்தம்மா சிரித்துக்கொண்டே, பேசட்டும், நேரம் போகுதுல்லா என்றார்.

வெளியே வந்ததும் வாடகைக் காரின் டிரைவர் எங்கள் பெட்டியைப் பார்த்துவிட்டு, தூத்துக்குடிக்காரர்களா என்று கேட்டார். எப்படித் தெரியும் என்றோம். "கயிறைப் பார்த்தாலே தெரியும் சார். உங்க பக்கத்துப் பெட்டியெல்லாம் ஒரே மாதிரிதான் வரும்," என்றார். என் கணவர் பெருமையாகச் சிரித்தார். கார் வாடகை டோலோடு சேர்த்து 3,600. அருப்புக்கோட்டை தாண்டிச் சாப்பிட்டுவிட்டு, உப்பளங்கள் கண்ணில் பட்டபோது மணி மூன்று. திரேஸ்புரத்துக்கு அடுத்த தெருதான் எங்கள் வீடு. ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகமாட்டார்கள் என்பதால் சனிக்கிழமை சாயங்காலம் மீன் வாங்க ஊரே அங்கே கூடியிருக்கும். கடைசி அரை கிலோமீட்டருக்கு இருபது நிமிஷம் ஆனது.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஜெனி கயிற்றை அவிழ்க்கச் சொன்னாள். அவிழ்த்தோம். உள்ளே ஆறு கைலிச் சாரம், ஏழெட்டுப் பாக்கெட் தேயிலை, ஒரு மூட்டைத் துண்டுகள், யாருடையதோ பெரிய செருப்பு. உடுப்பு இல்லை. கிரீடம் இல்லை.

என் கணவர் துறைமுகத்தில் கிளியரிங் ஆபீஸில் வேலை பார்க்கிறார். கன்டெய்னர் நம்பரில் ஓர் இலக்கம் மாறினால் லாரியைக் கேட்டிலேயே நிறுத்திவைக்கிற மனிதர். பெட்டியில் ஒட்டிய நம்பரைப் பார்க்கவில்லையா என்று கேட்டேன். பேரைப் பார்த்தேனே, பர்னாந்து என்றுதானே இருந்தது என்றார். எங்கள் கடற்கரையில் பள்ளி வருகைப் பதிவேட்டில் பாதிப் பக்கம் பர்னாந்துதான். கொழும்பு விமானத்தைக் கேட்கவே வேண்டாம். எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பெரிய செருப்பைக் கையில் எடுத்தேன். பிறகு, அடுத்தவர் பொருள் என்று வைத்துவிட்டேன்.

ஜெனி அழவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, "பெரியம்மாட்ட சொல்லாதீங்க, மனசு கஷ்டப்படுவாவ," என்று மட்டும் சொன்னாள். உடுப்புக் கடையில் வாடகைக்கு உடுப்பு கிடைக்கும். அக்கா இரவு பகலாக உட்கார்ந்து தைத்தது எந்தக் கடையில் கிடைக்கும்?

விமானக் கம்பெனி நம்பரில் ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு என்று பாட்டுப் போட்டார்கள். அதை வைத்துவிட்டு எங்களுக்குத் தெரிந்த வழியைப் பிடித்தேன். எங்கள் கடற்கரைக் கிராமங்களில் எது தொலைந்தாலும் கோவில் மைக்கில் சொல்லிவிடுவார்கள். மணப்பாடு, ஆலந்தலை, புன்னக்காயல், வேம்பார் என்று சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு, கொழும்பிலிருந்து பச்சைக் கயிறு கட்டிய பெட்டியோடு வந்தவர்கள் பேசவும் என்று அறிவிக்கச் சொன்னேன். கால் மணி நேரத்தில் பதில் வந்தது. ஆலந்தலையில் இரண்டு பெட்டிகள் இருந்தன. இரண்டும் துபாய்ப் பெட்டிகள், அதில் ஒன்று போன வருஷத்தது. புன்னக்காயல் கோவில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியார்தான் உருப்படியாக ஒன்று சொன்னார். அங்கே ஓர் அம்மா இன்று மத்தியானம்தான் கொழும்பிலிருந்து வந்தாராம். போன் அணைந்து கிடக்கிறதாம்.

என் கணவர் பெட்டியை பைக்கில் கட்டிக்கொண்டு திருச்செந்தூர் சாலையில் கிளம்பினார். புன்னக்காயலுக்கு 30 கிலோமீட்டர். நான் ஜெனியைக் கூட்டிக்கொண்டு கோவிலுக்கு நடந்தேன். புதுநன்மைக்கு முந்தின நாள் சாயங்காலம் பிள்ளைகள் எல்லோரும் பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது சாமியாரிடம் பாவங்களைச் சொல்ல, வந்தாக வேண்டும். உடுப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது உண்டு.

வரிசையில் எண்பது பிள்ளைகளாவது இருப்பார்கள். அந்த வரிசை நெடுக ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் குனிந்து பார்த்துக்கொண்டே ஒருவர் வந்துகொண்டிருந்தார். மஞ்சள் சேலை. கையில் பச்சைக் கயிறு கட்டிய பெட்டி.

ஜெனி ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தாள். அந்தம்மா என்னைப் பார்த்ததும் பெட்டியைக் கீழே வைத்தார்.

"ஏளா, பொட்டியத் தெறந்தா மேலயே வெள்ளை உடுப்பு. இமிகிரேசன்ல வாயடிச்ச பிள்ளையோடதுன்னு அப்பமே தெரிஞ்சு போச்சு. போன்ல சார்ஜு இல்ல. பாவசங்கீர்த்தனத்துக்கு எப்படியும் இங்கன வந்துதான ஆகணும்னு பஸ் ஏறிட்டேன்," என்றார். சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். "பிள்ளை அங்கன அழுதுட்டுக் கெடக்கும், நான் சோத்தப் போட்டுத் திங்கவா?" என்றார்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டு கோவில் வாசலிலேயே நான் அழுதேன். காலையில் கொட்டாஞ்சேனை, சாயங்காலம் இங்கே. ஒரு நாளைக்கு இது போதும்.

என் கணவருக்குப் போன் போட்டேன். ஆத்தூரில் நின்றுகொண்டிருந்தார். அந்தம்மா வந்த பஸ் பழையகாயலில் அவரைத் தாண்டித்தான் வந்திருக்க வேண்டும். அவர் பெட்டியை மட்டும் கொண்டுவந்து கொடுத்தால் போதாது என்று ஒரு கட்டு ஆத்தூர் வெற்றிலை வாங்கி வந்து நீட்டினார். "வெத்தல இருக்கட்டும் தம்பி. இனிமே பொட்டில உள்ள நம்பரப் பாத்து எடு," என்று அந்தம்மா சொன்னார். பொரித்த பரோட்டா வாங்கி வந்து எல்லோரும் சாப்பிட்டோம். அவரை ஊருக்குப் போக விடவில்லை. அவருக்கு ஜெனியின் கட்டிலைக் கொடுத்தோம்.

மதுரை வழியாகக் கொழும்பு போகிறவர்களுக்கு: விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன, கிளம்பும் முன் ஒருமுறை பாருங்கள். வீட்டில் விசேஷம் இருந்தால் குறைந்தது இரண்டு நாள் முன்னதாகத் திரும்புங்கள், டிக்கெட் மலிவு என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். முக்கியமான ஒரு பொருள் இருந்தால் அதைக் கைப்பையில் வையுங்கள். எங்கள் பக்கத்துக்காரராக இருந்தால் தயவுசெய்து வேறு நிறத்தில் கயிறு வாங்குங்கள். பிள்ளை வரிசையில் வாயாடினால் தடுக்காதீர்கள்.

ஞாயிறு காலை ஏழரை மணிப் பூசை. ஊசிகளைக் குத்தியது புன்னக்காயல் அம்மாதான். உடுப்பு அளவு பிசகாமல் இருந்தது. பூசை முடிந்ததும் கோவில் முற்றத்தில் நின்று அக்காவுக்கு வீடியோ கால் போட்டோம். ஜெனி ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். அத்தான் பின்னாலிருந்து நன்றாக இருக்கிறது, நன்றாக இருக்கிறது என்றார். பிறகு அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிள்ளை பக்கத்தில் நிற்பது யார், தெரியாத முகமாக இருக்கிறதே என்று கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் ஜெனி சொல்லிவிட்டாள். "இவங்கதான் எங்க பொட்டி அத்தை."

மீதிக் கதையை நான் சொன்னேன். பாவசங்கீர்த்தன வரிசை வந்ததும் அக்கா குறுக்கிட்டு, போனை அந்தம்மா பக்கம் திருப்பச் சொன்னாள். கொஞ்ச நேரம் அவரை மேலும் கீழும் பார்த்தாள். அது தையல்காரியின் பார்வை.

"மைனி, உங்க ரவிக்கை ஒன்னு அளவுக்குக் குடுத்து விடுங்க," என்றாள்.