இத்தாலி காரும் என் திருத்தமும்

இன்று பீளமேட்டுப் பெட்ரோல் பங்கில் ஒரு மஞ்சள் நிற சூப்பர் கார் நின்றது. ஓட்டி வந்த இளைஞர் டயருக்குக் காற்று பிடித்துக்கொண்டிருந்தார். அவருடைய தந்தை என்னிடம், "பையன் வாங்குனதுங்க. இத்தாலி காருங்க" என்றார்.

"இல்லீங்க. இது பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். மேல ஃபைபர் பாடி மாட்டியிருக்காங்க. அதுக்கு ஆர்.டி.ஓ. அனுமதி வேணுங்க" என்றேன்.

பெரியவர் மகனைப் பார்த்தார்.

"நானே செஞ்சதுங்கப்பா. ரண்டு வருசமாச்சு."

"அதைச் சொல்லியிருந்தா அதையே பெருமையாச் சொல்லியிருப்பனே கண்ணு. நம்மூரு பெருந்துறை பூரா வாங்குனதுன்னு சொல்லிப்போட்டனே."

இருவரும் காரில் ஏறிப் புறப்பட்டார்கள்.

நான் சொன்னதில் ஒரு சொல்லும் தவறில்லை. ஆனால், என்னிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு விடை சொல்லும் பழக்கத்தை விட்டவர்கள் யாரேனும் இருந்தால், வழியை எழுதுங்கள்.