ஆறு டப்பா சேறு

கத்திவாக்கத்துத் தாமோதரன் பேரைச் சொன்னாலே ஊரில் பாதிப் பேர் சிரிப்பார்கள். அனல்மின் நிலையத்தில் இருபது வருஷம் ஒப்பந்த எலக்ட்ரீஷியனாக இருந்த மனுஷன், வேலை போனதும் கழிமுகத்துக் கறுப்புச் சேற்றை ஆறு ஊறுகாய் டப்பாக்களில் அடைத்து, கரித்துண்டும் கம்பியும் செருகி, ஒரு குட்டி விளக்கை எரியவைத்தால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? ஆனால் அந்த விளக்கு மாதக்கணக்கில் அணையாமல் எரிந்தது.

சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் தரும் மின்சாரம் அது. யாராவது பெரிய மனுஷர் சொல்லி, ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் அதைச் சோதித்துப் பார்த்தால் போதும் என்று மூன்று வருஷமாக மனு எழுதினார். ஒப்புகைச் சீட்டுகள்தான் வந்தன. அவற்றை வைத்து விளக்கெரிக்க முடியாது.

கடைசியில், ஊரில் நடக்கும் குடிநீர்க் குழாய் வேலையைப் பார்வையிட வரும் அதிகாரி ஒருவர் ஐந்து நிமிஷம் ஒதுக்கினார். தாமோதரனுக்குக் கால் தரையில் பாவவில்லை. அவர் அதிகாரியை அழைத்துவரப் போன நேரத்தில், மீன் விற்கும் மனைவி நர்மதா வீட்டைக் கழுவினாள். பெரிய மனுஷர் வருகிற இடம் இப்படியா நாறுவது? டப்பாக்களையும் தேய்த்துக் கழுவி, சேற்றுக்குப் பதில் கடற்கரை மணலை நிரப்பி, ஊதுபத்தி ஏற்றிவைத்தாள்.

விளக்கு எரியவில்லை. "நல்ல முயற்சி" என்று தோளில் தட்டிவிட்டு அதிகாரி போய்விட்டார்.

"இன்னாமே பண்ண?" என்றார் தாமோதரன்.

"கலீஜா இருந்துச்சுயா. உனக்கு மரியாதையா இருக்கட்டும்னுதான்..."

அவரால் திட்ட முடியவில்லை. அந்த நாற்றத்தில்தான் உயிரே இருக்கிறது என்று ஒரு நாளும் அவளிடம் உட்கார்ந்து சொன்னதில்லையே.

மறுநாள் நர்மதாவே கழிமுகத்தில் இறங்கிச் சேறு அள்ளிவந்தாள். மறுபடி வெளிச்சம் வர மூன்று வாரம் ஆனது. வந்த அன்றே டப்பாக்களை மீன் கூடையில் அடுக்கித் தலையில் ஏற்றிக்கொண்டு, "வாயா, நாமளே போலாம்" என்றாள்.

அந்த அதிகாரியின் அலுவலகத்தில் அவர்களை மேலே விடவில்லை. இருவரும் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்தார்கள். மூன்று வருஷத்து மனுக்கள் ஏறாத படியில் நாற்றம் ஒரு மணி நேரத்தில் ஏறிவிட்டது. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அதிகாரியே இறங்கி வந்தார்.

"என்ன நாத்தம் இது? யார் கொண்டுவந்தது?"

தாமோதரன் வாய் திறக்குமுன் நர்மதா கூடையை முன்னால் தள்ளினாள்.

"அதான் சார் கரண்டு. வெளக்கு எரிஞ்சிகினு கீது, பாருங்க."

அதிகாரி குனிந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். கைக்குட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "இது எத்தனை நாள் எரியும்?" என்று கேட்டார்.