பிரேக்கில் கட்டிய பாம்பு

என் கடையில் பேட்டரிகளை அடுக்கி வைத்திருக்கும் மேசைக்குப் பின்னால், சுவரில் சாய்ந்தபடி ஒரு பிக்கப் வண்டியின் பின்கதவு நிற்கிறது. கறுப்புப் பெயிண்ட் அடித்த தகரத்தில் ஐந்து தலை நாகம். ஒவ்வொரு தலைக்குள்ளும் ஒரு கொத்து பல்பு. யாராவது பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வந்து “வண்டி ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது, பாரும்” என்றால், அந்தக் கதவிலிருந்து வரும் இரண்டு கிளிப்புகளையும் பேட்டரியில் மாட்டுவேன். நடுத்தலை முதலில் எரியும். பிறகு இரண்டு பக்கமும் மாறி மாறி ஒவ்வொன்றாக எழும்பும். ஒவ்வொரு தலை எரியும்போதும் பேட்டரிக்குப் பாரம் கூடும். வலு உள்ள பேட்டரி என்றால் ஐந்தும் நின்று எரியும், செத்த பேட்டரி என்றால் மூன்றாவதிலேயே மங்கிவிடும். சோதிக்க மீட்டர் வைத்திருக்கிறேன். ஆனால் வருகிறவர்களுக்கு மீட்டர் சொல்வதைவிடப் பாம்பு சொல்வது நன்றாகப் புரிகிறது.

அந்தக் கதவு என் அத்தானுடைய வண்டியில் இருந்தது. அத்தான் என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். சங்கரன்கோவில் மார்க்கெட்டில் காலையில் ஏலம் முடிந்ததும் பூ மூட்டைகளை ஏற்றிக்கொண்டு புளியரை வழியாகக் கேரளாவுக்குப் போவார். பூ லோடு என்பது நெல் மூட்டை மாதிரி இல்லை. வழியில் தாமதித்தால் மூட்டைக்குள் சூடேறிப் பிச்சிப்பூ கருத்துவிடும். அதனால் பூ வண்டிக்காரர்கள் எல்லோருமே வேகம்தான். அவர்களிலும் அத்தான் ஒரு படி மேலே. போகிற வேகமும் பேசப்பட வேண்டும், நிற்கிற அழகும் பேசப்பட வேண்டும் என்று நினைப்பவர். வண்டி வாங்கின கொஞ்ச நாளிலேயே அதன் முன்பக்கத்தைத் தாழ்த்தினார். பளபளப்பான அலாய் வீலும் அகல டயரும் போட்டார். புகைக்குழாயை மாற்றிச் சத்தத்தைக் கனமாக்கினார். பம்பருக்கு நீலம் அடித்தார். விளக்கு, ஹார்ன், ஸ்பீக்கர் என்று வயர் சம்பந்தப்பட்டது எல்லாம் என் கையால் ஆனது. நான் ஆட்டோ எலக்ட்ரீசியன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், எனக்குத் தெரிந்த படிப்பு எந்த வயர் எங்கே போகிறது என்பது மட்டும்தான்.

இன்னொன்றும் எனக்கு நன்றாக வரும், அது பயம். கடையைப் பூட்டிவிட்டுப் பாதித் தெரு போய்விட்டுத் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். வாசுதேவநல்லூர்ப் பக்கம் மலையில் மேகம் கறுத்தால், இங்கே வெயிலில் நின்றுகொண்டு அங்கே ரோடு வழுக்குமே என்று கணக்குப் போடுவேன். அத்தான் லோடு ஏற்றிக் கிளம்பின நேரத்திலிருந்து, ராஜபாளையம் ரோட்டில் அவர் ஏர் ஹார்ன் திரும்பக் கேட்கிற வரை, என் வேலையில் பாதிக் கவனம்தான் இருக்கும். அந்த ஹார்னை மாட்டிக் கொடுத்தவனே நான்தான். அவர் ஊருக்குள் நுழைந்தது எனக்குக் கேட்க வேண்டும் என்று, இருந்ததிலேயே சத்தம் கூடின ஜோடியாகப் பார்த்துப் போட்டேன். அக்காவும் என்னைப்போலத்தான். நேரம் கடந்தால் போன் செய்து, “ஒங்க அத்தான் ஒங்கிட்ட பேசுனாகளாடே” என்பாள். ஒரு பயந்தாங்கொள்ளிக்கு இன்னொரு பயந்தாங்கொள்ளி என்ன ஆறுதல் சொல்ல முடியும்? “வந்துருவாக அக்கா” என்று சொல்லிவிட்டு, போனை வைத்ததும் நானே ரோட்டில் போய் நிற்பேன்.

ஒருநாள் அத்தான் கவர்னர் லைனை வெட்டிவிடச் சொன்னார். வண்டி ஒரு வேகத்துக்கு மேல் போகாமல் பிடித்து வைக்கும் கருவி அது. மற்ற பூ வண்டிக்காரர்கள் எல்லோரும் வெட்டிவிட்டார்களாம், ஏற்றத்தில் இவரை முந்திக்கொண்டு போகிறார்களாம். நான் முடியாது என்று சொன்னேன். அவரிடம் நான் முடியாது என்று சொன்னது அந்த ஒரு தடவைதான். கோபப்படவில்லை. “நீ பயந்தா ஊர்ல ஆளா இல்ல மாப்ள” என்று சிரித்துக்கொண்டே போனவர், வெளியூரில் யாரிடமோ கொடுத்து வெட்டிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு மார்க்கெட்டில் ஆட்கள் என்னிடம் வந்து அத்தான் எத்தனை சீக்கிரம் போய்ச் சேர்ந்தார் என்று பெருமையாகச் சொல்வார்கள். எனக்குத் தொண்டைக்குக் கீழே சோறு இறங்காது. ஒரு வார்த்தை சொல்லலாம் என்றால், சொல்லிக் கேட்கிற வயதும் அவருக்கு இல்லை, சொல்லிக் கேட்க வைக்கிற ஆளும் நான் இல்லை.

ஆடித் தபசுத் திருவிழாவுக்கு முன்னால் அவருக்குப் பின்கதவில் நாகம் போட வேண்டும் என்று ஆசை வந்தது. எங்கள் ஊரில் நாகம் என்பது வெறும் படம் இல்லை, கோவிலில் புற்று வைத்துக் கும்பிடுகிற சாமி. படம் போடுகிற பெயிண்டர் தயங்கினார். கோவில் புற்று மண் கொஞ்சம் எடுத்து வந்து கதவில் பூசின பிறகுதான் கண் திறப்பேன் என்றார். அத்தான் குளித்துவிட்டுப் போய் எடுத்து வந்தார். வண்டி எந்தச் சேற்றில், எந்த அசுத்தத்தில் திரியுமோ என்ற கவலையில், வாலைக் கீழே இழுக்காமல் சுருட்டி மேலேயே நிறுத்தி வரைந்தார் பெயிண்டர். வரைந்து முடிந்த கதவு என் கடைக்கு வந்தது. ஐந்து தலையும் திருவிழா சீரியல் பல்பு ஓடுகிற மாதிரி ஒவ்வொன்றாக எழும்ப வேண்டும், ஹார்ன் அடித்தால் பாம்பு சீற வேண்டும். அதுதான் அத்தான் சொன்ன வேலை.

அந்தக் கதவைக் கவிழ்த்துப் போட்டு வயர் இழுத்துக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு அது தோன்றியது. ஹார்னில் கட்டினால் அவர் நாள் முழுக்க ஹார்ன் அடிப்பார். பிரேக்கில் கட்டினால் நாள் முழுக்க பிரேக் பிடிப்பார். சாயங்காலம் வந்தவரிடம், ஹார்ன் லைன் இந்தப் பாரத்தைத் தாங்காது, பிரேக் லைன்தான் சரி என்று சொன்னேன். அது பாதி உண்மைதான். பாரத்தைத் தாங்கிக்கொள்ள நடுவில் ரிலே என்கிற சின்ன சுவிட்ச் ஒன்று போட்டால் ஹார்னிலேயே கட்டலாம். அத்தான் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். “அப்ப பிரேக்குலயே கெட்டு” என்றார். கம்பெனி கொடுத்த சிவப்பு பிரேக் விளக்கில் நான் கைவைக்கவில்லை. அது பாட்டுக்கு எரியும், இது அதோடு சேர்ந்து எழும்பும்.

முதல்நாள் ரத வீதியில் அத்தான் ஒரு சுற்று வந்தார். ஆளே இல்லாத இடத்தில் பிரேக் பிடித்தார். எதிரே ஆடு ஒன்று படுத்திருந்தது, அதற்கு ஒரு தடவை. டீக்கடை வாசலில் மூன்று தடவை. “என்னவே, வண்டிக்கு விக்கலா?” என்று டீக்கடைக்காரர் கேட்டார். அத்தான் கண்ணாடியில் பின்னால் நிற்கிறவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே மறுபடியும் மிதித்தார். பிரேக் கட்டை சீக்கிரம் தேயும் என்று ஒருவர் சொன்னார். தேயட்டும் என்று நான் மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

எனக்கு நிம்மதி உடனே வந்துவிடவில்லை. பாம்பைப் பார்க்கவென்றே இளவட்டங்கள் பைக்கில் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அது ஒரு புதுப் பயமாக வந்து உட்கார்ந்தது. ஆனால் கொஞ்ச காலம் கழித்து இன்னொரு பூ வண்டிக்காரர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற வந்தவர், பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னார். “ஒங்க அத்தான் பின்னால போனா கவலையில்ல வே. வளைவு வாரதுக்கு முன்னாலயே பாம்பு எந்திரிச்சிரும். நாங்களும் ஆக்சிலேட்டர்ல இருந்து காலைத் தூக்கிருவோம்.” நான் தலையாட்டிவிட்டு வேலையைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். அன்றைக்கு மத்தியானம் சாப்பாடு இறங்கியது.

வருஷா வருஷம் எஃப்.சி. வரும். ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டியைக் காட்டி நல்லபடி இருக்கிறது என்று முத்திரை வாங்க வேண்டும். அதற்கு முந்தின நாள் அலங்காரம் எல்லாம் கழற்றப்படும். அலங்காரத்துக்காக முன்பு கழற்றின கம்பெனி சாமான்கள் ஒன்றையும் நான் தூரப் போட்டதில்லை. வெளியூரில் வெட்டின கவர்னர் வயர்த் துண்டு உட்பட எல்லாம் சாக்கில் கட்டி என் கடைப் பரணில் இருக்கும். பாம்புக் கதவுக்குப் பதில் மாட்ட பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு மொட்டைக் கதவும் வாங்கி வைத்திருந்தோம். எல்லாம் மாற்றி நிற்கிற வண்டியைப் பார்த்து அத்தான் ஒவ்வொரு வருஷமும் அதையே சொல்வார்: “எழவு வீட்டுக்குப் போற பொம்பள மாதிரி நகையக் கழட்டிட்டு நிக்குது பாரு.” முத்திரை வாங்கித் திரும்பின அன்றே மறுபடியும் எல்லாம் பூட்டியாக வேண்டும். கவர்னரை வெட்ட மட்டும் பழையபடி வெளியூருக்குப் போவார். மொட்டையாக ஒருநாள்கூட லோடுக்குப் போக மாட்டார். அந்த ஒருநாளில் யாராவது பார்த்துவிட்டால் என்ன ஆகும் என்பார்.

அத்தான் ரோட்டில் சாகவில்லை. வீட்டில், மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்தவர் எழும்பவில்லை. வண்டி வாசல் வேப்பமரத்தடியில் நின்றது. அன்றைக்கு லோடு இல்லை. அவர் வீட்டில் இருக்கிறார் என்பதால், எத்தனையோ நாளைக்கு ஒருநாள் நான் கவலையில்லாமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மழை, வளைவு, லாரி, தூக்கம் என்று என்னென்னவோ யோசித்து வைத்திருந்த எனக்கு, அந்தக் கட்டிலை யோசிக்கத் தெரியவில்லை.

வண்டியைச் சிவகிரிக்காரர் ஒருவர் எலுமிச்சை லோடுக்கு வாங்கினார். கம்பெனியில் வந்தது எப்படியோ அப்படியே வேண்டும், இந்த வேஷம் ஒன்றும் வேண்டாம் என்றார். பரணிலிருந்து சாக்கை இறக்கினேன். வீல், புகைக்குழாய், விளக்கு எல்லாவற்றையும் மாற்றினேன். வெட்டின கவர்னர் வயரை ஒட்ட வைத்தேன். கடைசியில் மொட்டைக் கதவை மாட்டினேன். வேப்பமரத்தடியில் நகை கழற்றி நின்றது வண்டி. வருஷா வருஷம் அதைப் பார்த்து ஒரு சொல் சொல்ல ஆள் உண்டு. அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. அக்கா வாசலுக்கு வரவில்லை. பாம்புக் கதவை நான் கடைக்கு எடுத்து வந்தேன்.

அக்கா இப்போது பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் எடை போடும் வேலைக்குப் போகிறாள். போய்வர ஸ்கூட்டர் வைத்திருக்கிறாள். போன வாரம் அது ஸ்டார்ட் ஆகவில்லை என்று கடைக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள். பேட்டரியைக் கழற்றிப் பழக்கத்தில் கிளிப்பை மாட்டிவிட்டேன். அவள் அந்தக் கதவை எரிகிற நிலையில் பார்த்து வெகுகாலம் ஆயிற்று என்பது மாட்டின பிறகுதான் உறைத்தது. சின்ன பேட்டரி. இரண்டு தலை எழும்பி, மூன்றாவது மங்கியது.

“மத்ததெல்லாம் எந்திரிக்கல்லியே” என்றாள்.

“பேட்டரி போச்சு அக்கா. மாத்தணும்.”

மங்கின மூன்றாவது தலையை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு பாம்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “அவுக சொல்லுவாக. ‘ஒன் தம்பி பயந்துக்கிட்டு பாம்பக் கொண்டுபோயி பிரேக்குல கெட்டி வச்சிருக்கான். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கிட்டு இருக்கான். போறான், வளைவு வந்தா ரெண்டு மிதி மிதிச்சிட்டுப் போறேன், அவனாவது நிம்மதியா ஒறங்கட்டும்’னு.”

நான் பழைய பேட்டரியிலிருந்து கிளிப்பை எடுத்தேன். புதுசு ஒன்றைப் பிரித்து அதில் மாட்டினேன். நடுத்தலை எரிந்தது. பிறகு ஒவ்வொன்றாக ஐந்தும். சோதிக்க அவ்வளவு நேரம் தேவையில்லை. ஆனாலும் நான் கிளிப்பை எடுக்கவில்லை, அக்காவும் எடுக்கச் சொல்லவில்லை.

பேட்டரியைப் பூட்டிக் கொடுத்ததும் ஸ்டார்ட் செய்தாள். மெதுவாகப் போ என்று, எப்போதும் சொல்வதைச் சொன்னேன். “பிரேக்கு இருக்குல்லா” என்றாள். தெரு முனையில் குறுக்கே ஒருவரும் வரவில்லை. ஆனாலும் அவள் ஸ்கூட்டரின் பின்விளக்கு ஒருமுறை சிவந்து அணைந்தது.