இன்ஸாஃப் கேட்ட இஸ்பேட்

அலெக்ஸாண்ட்ரியா துறைமுகத்துக்குள் கப்பல்களை வழிகாட்டிக் கொண்டுவரும் பைலட்டாக இருந்து ஓய்வுபெற்றவர் ராகிப். கடலில் எப்படியோ, பிரிட்ஜ் மேசையில் அவருக்குத் தெரிந்தது ஒரே வழிதான். கையில் ஆர்ட்டின் சேர்ந்துவிட்டால் துருப்பு அதுதான். எதிரே ஜோடியாக உட்கார்ந்திருக்கும் மனைவி இன்ஸாஃப் இஸ்பேட் கேட்டால் இவர் ஆர்ட்டின் என்பார். அவள் மறுபடி இஸ்பேட் என்றால் இன்னும் ஒரு படி ஏறி ஆர்ட்டின் என்பார். கேள்வி யார் துருப்பில் முடிகிறதோ அவர்தான் ஆடுவார்; ஜோடி சீட்டை மேசையில் விரித்து வைத்துவிட்டு வேடிக்கை பார்க்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை கிளப்பில் அப்படி ஏறி ஏறி ஆட்டம் கவிழ்ந்தது. இன்ஸாஃப் நிதானமாகச் சொன்னாள்:

"உனக்கு ஜோடி எதுக்கு ராகிப்? சீட்டை விரிச்சு வைக்க ஒரு ஸ்டூல் போதும்."

அடுத்த வாரமே அவள் பல் டாக்டர் ஹிக்மத்தோடு ஆடப் போய்விட்டாள். வீட்டில் காலையில் ஃபூல் என்ற அவரைப்பயறு மசியலும் காப்பியும் வழக்கம்போல வந்தன. கிளப்பில் மட்டும் வேறு மேசை. ராகிப்புக்குக் கிடைத்த ஜோடிகள் யாரும் இரண்டு வாரம் தாங்கவில்லை.

ஒருநாள் ஹிக்மத்தும் இன்ஸாஃபும் அவர் மேசைக்கே எதிர்த்து ஆட வந்தார்கள். ஹிக்மத் ஆர்ட்டின் கேட்டார். இன்ஸாஃப் இஸ்பேட். ஹிக்மத் மறுபடி ஆர்ட்டின். இன்ஸாஃப் மறுபடி இஸ்பேட். ராகிப் மனசுக்குள் சிரித்துக்கொண்டார்.

"பாஸ்" என்றார் ஹிக்மத். ராகிப் கிளாவர் ஏஸை இறக்கியதும் ஹிக்மத் தன் சீட்டுகளை மேசைமேல் விரித்து, ஆட்டத்தை இன்ஸாஃபிடம் விட்டார். ஏஸ், ராஜா, ராணி என்று ஆர்ட்டின் வரிசையாகக் கிடந்தது.

"இதை வச்சுக்கிட்டா விட்டீங்க டாக்டர்?"

"இன்ஸாஃப் ஹானம் ரெண்டு தரம் சொன்னாங்களே கேப்டன்."

கிளாவர் ஏஸில் ராகிப் ஒரு பிடி பிடித்தார். அடுத்து ராஜாவைப் போட்டார். இன்ஸாஃப் அதை இஸ்பேட் மூன்றால் வெட்டினாள். அவள் கையில் பெரிய சீட்டு ஒன்றுகூட இல்லை. சின்னச் சின்ன இஸ்பேட் ஆறு. ஆர்ட்டின் துருப்பாகியிருந்தால் அந்தக் கை வெறும் குப்பை. இப்போது அதில் ஒவ்வொன்றும் வேலை செய்தது. எதிரிகளின் துருப்பைக் கழித்துவிட்டு, ஹிக்மத்தின் ஆர்ட்டின்களை ஒவ்வொன்றாகப் பிடிகளாக்கினாள். யோசிக்கும்போது கீழுதட்டைக் கடித்தாள். இத்தனை வருஷத்தில் ராகிப் அதைப் பார்த்ததில்லை. அவளை ஆடவிட்டிருந்தால்தானே.

வீடு திரும்பும்போது கடற்கரைச் சாலையில் கேட்டார்:

"வர்ற வெள்ளிக்கிழமை எங்கூட ஆடுறியா?"

"நான் ரெண்டு தரம் இஸ்பேட்னா?"

"வாயைத் திறக்க மாட்டேன்."

"வாய் மட்டும் போதாது. உன் புருவமே ஆர்ட்டின் கேக்கும்."

வெள்ளிக்கிழமை வந்தது. ராகிப் கையில் ஐந்து ஆர்ட்டின். இன்ஸாஃப் இரண்டாம் தரமும் இஸ்பேட் என்றாள். அவர் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, புருவம் அசையாமல், "பாஸ்" என்றார்.

மிச்சமிருந்த இஸ்பேட் எல்லாம் ஒரே எதிரியின் கையில் குவிந்திருந்தது. ஒரு பிடியில் தோற்றார்கள்.

"ஆர்ட்டின்னா ஜெயிச்சிருப்போம்னு நினைக்கிறே."

"ஆமா, நினைக்கிறேன்" என்றார் ராகிப். "ஆனா நீ நல்லா ஆடினே."

இன்ஸாஃப் சீட்டுக்கட்டை அவர் பக்கம் தள்ளினாள்.

"கலைச்சுப் போடு."