நான் ஒட்டிய இரண்டு பக்கங்கள்

போன வருடம் இரண்டாம் தவணையில் ஒரு செவ்வாய்க்கிழமை, கொட்டாஞ்சேனையில் என் மகள் படிக்கும் பாடசாலையின் எட்டாம் வகுப்பறையில் நடந்தது இது. பிள்ளைகளே, உங்களுக்குத்தான் இதை முதலில் சொல்ல வேண்டும். ஏனென்றால் அன்று என்னைக் கையும் களவுமாகப் பிடித்தவர்கள் உங்கள் வயதுக்காரர்கள்.

நான் சாதாரண தரம் வரை மட்டும் படித்தவன். போட்டோகொப்பி எடுப்பதும் கிழிந்த புத்தகங்களைப் பைண்ட் செய்து கொடுப்பதும் என் தொழில். எத்தனையோ புத்தகங்கள் என் கையால் போகும். ஆனால் வாசிப்பது குறைவு.

அதற்குச் சில மாதங்கள் முன்பு, பெற்றோரின் வட்ஸ்அப் குழுவில் ஒரு தகப்பன் ஒரு படம் போட்டார். பாடசாலை நூலகத்துக் கதைப் புத்தகத்தின் ஒரு பக்கம். அதில் ஒரு சிறுமி தன் அப்பாவிடம், நீங்கள் சொல்வது பொய் என்று முகத்துக்கு நேரே சொல்கிறாள். இதைப் படித்தால் நாளைக்கு நம் பிள்ளைகளும் நம்மை எதிர்த்துக் கதைக்கும், இந்தப் புத்தகம் வேண்டாம் என்று எழுதியிருந்தார். ஒவ்வொருவராகக் கட்டைவிரல் படம் போட்டார்கள். கடை வேலைக்கு நடுவே நானும் ஒரு கட்டைவிரலைத் தட்டிவிட்டேன்.

பாடசாலை அதிபருக்குப் புத்தகத்தை எறிய மனம் வரவில்லை. அந்தப் பக்கத்தையும் அதன் எதிர்ப் பக்கத்தையும் வெள்ளைத் தாள் ஒட்டி மூடிவிடுவோம் என்று முடிவானது. ஒட்டுகிற வேலை யாருக்கு வரும்? எனக்குத்தான். அன்று கடையில் பசைப் போத்தல் முடிந்துபோயிருந்தது. மனைவி வீட்டில் கோதுமை மாவில் பசை காய்ச்சித் தந்தாள். ஓரத்தில் மட்டும் ஒட்டினால் பிள்ளைகள் நகத்தால் கிளப்பிவிடுவார்கள் என்று பக்கம் முழுவதும் பூசி, தடித்த தாளை வைத்து, ஒரு சுருக்கம் கூட விழாமல் தேய்த்துவிட்டேன். வேலை அவ்வளவு சுத்தம். எனக்கே பெருமையாக இருந்தது.

பிறகு அதை மறந்தே போனேன். ஒரு நாள் மகள் வந்து, புதிதாக வந்த தமிழ் டீச்சர் என்னை வரச் சொன்னதாகச் சொன்னாள். என்ன குழப்படி செய்தாய் என்று கேட்டேன்.

"நான் ஒண்டும் செய்யேல்ல அப்பா. செய்தது நீங்க தான்."

அவ்வளவு சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

டீச்சர் என்னைக் கடைசி வாங்கில் இருத்தினார். முழங்கால் மேசைக்குக் கீழே போகவில்லை. அன்றைய பாடம் தடை செய்யப்பட்ட புத்தகங்களைப் பற்றியது. எந்தக் காலத்திலும் எந்த நாட்டிலும் புத்தகங்களை எரித்திருக்கிறார்கள், பூட்டி வைத்திருக்கிறார்கள், நூலகத்திலிருந்து எடுத்திருக்கிறார்கள் என்றார். யார் செய்வார்கள் என்று கேட்டார். ராஜா என்றது ஒரு பிள்ளை. ஆமி என்றது ஒன்று. அரசாங்கம், பொலிஸ் என்று பதில்கள் பறந்தன. நானும் மனதுக்குள் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போது அவர் ஒரு புத்தகத்தைத் திறந்து காட்டினார். கடைசி வாங்கிலிருந்தே என் வெள்ளைத் தாளை அடையாளம் கண்டுகொண்டேன். அதன் ஓரமெல்லாம் விரல் பட்டுக் கறுத்திருந்தது. முன்பு அந்தப் புத்தகத்தை எடுப்பார் இல்லையாம். நான் ஒட்டிய பிறகு, எடுத்த நாளைக் குறிக்கும் திகதிச் சீட்டு பாதி நிரம்பும் அளவுக்கு ஆள் மாறி ஆள் எடுத்திருக்கிறார்கள், யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதற்கு!

மூடிய பக்கங்களில் என்ன இருக்கும் என்று எழுதி வரச் சொல்லியிருந்தார் டீச்சர். பிள்ளைகள் எழுந்து வாசித்தார்கள். ஒருவன் மூன்று கொலை எழுதியிருந்தான். ஒருத்தி கடலுக்குள் போகும் சுரங்கம் என்றாள். இன்னொருவன் வாசிக்க வெட்கப்பட்டுத் தாளை மடித்து டீச்சரிடமே கொடுத்துவிட்டான். வகுப்பு சிரித்து உருண்டது. கடைசியாக என் மகள் எழுந்தாள்.

"எனக்குத் தெரியாது. ஆனா எங்கட அப்பாவுக்குத் தெரியும். அவர் தான் ஒட்டினவர்."

முழு வகுப்பும் திரும்பியது. அங்கிள், சொல்லுங்கோ, என்ன இருந்தது என்று நாலாபக்கமும் கேட்டார்கள். நான் வாயைத் திறந்தேன். இடது பக்கத்தில் அந்த ஒரு வசனம் தெரியும், அதுவும் போனில் பார்த்தது. வலது பக்கத்தில்? பசை பூசித் தேய்த்தது இந்தக் கைதான். கண் ஒரு வரியைக் கூடத் தொடவில்லை.

வாசிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை. முன் வாங்கில் ஒருவன் பக்கத்தில் இருந்தவனிடம் மெதுவாகக் கேட்டது மட்டும் என் காதில் விழுந்தது.

"வாசிக்காமலே தடை செஞ்சிட்டாரா?"

ஒட்டிய தாளைக் கிளப்ப முடியுமா என்று கேட்கத்தான் டீச்சர் என்னை அழைத்திருக்கிறார். அதிபரும் சம்மதித்துவிட்டார், ஆனால் ஒரு நிபந்தனை. பக்கம் கிழிந்தால் புத்தகத்தை நூலகத்திலிருந்து நீக்க வேண்டும். வேறு பிரதியும் இல்லை, அச்சிலும் இல்லை.

எனக்கு வியர்த்தது. கடைப் பசை என்றால் எழுத்தும் தாளோடு உரிந்துவந்துவிடும். அப்போதுதான் மனைவி காய்ச்சிய பசை நினைவுக்கு வந்தது. மாப்பசை! ஆவி பட்டால் அது இளகும்!

"டீச்சர், கேத்தல் ஒண்டு கிடைக்குமா?"

ஆசிரியர் அறையிலிருந்து தண்ணீர் கொதிக்கிற கேத்தல் வந்தது. ஒரு பிள்ளையின் கொம்பஸ் பெட்டியிலிருந்து கோடு போடும் இரும்பு அடிமட்டம் வந்தது. வகுப்பு முழுவதும் மேசையைச் சுற்றி நெருக்கிக்கொண்டு நின்றது. வலது பக்கத்தின் மேல் மூலையை ஆவியில் காட்டினேன். அடிமட்டத்தைச் செருகினேன். அசையவில்லை. மறுபடியும் ஆவி. மெல்ல, மிக மெல்ல, மூலை எழும்பியது. வருது, வருது என்று ஒரே சத்தம். டீச்சர் உதட்டில் விரல் வைத்தார்.

தாளை மேலிருந்து கீழே சுருட்டிக்கொண்டு வந்தேன். ஒரு வரி தெரிந்தது. பிள்ளைகள் அதைச் சேர்ந்து வாசித்தார்கள். அடுத்த வரி. அதையும் வாசித்தார்கள். நடுவில் ஓரிடத்தில் தாள் பிடித்துக்கொண்டது. இழுத்தால் போய்விடும். மூச்சை அடக்கிக்கொண்டு ஆவியைக் காட்டினேன். முப்பது பிள்ளைகளும் மூச்சை அடக்கினார்கள். சரக்கென்று விட்டது. ஒரு எழுத்துக்கூடப் போகவில்லை! இடது பக்கத்தையும் அப்படியே கிளப்பினேன்.

கதையில் வரும் அந்த அப்பா ஒரு முச்சக்கரவண்டிக்காரர். பக்கத்து வீட்டுச் சைக்கிளை இடித்து நெளித்துவிட்டு, வேறொருவர் மேல் பழி போட்டவர். மகள் பொய் என்று சொன்னதும் வண்டிச் சாவியைக் கீழே வைக்கிறார். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய், பிழை என்னுடையதுதான் என்கிறார். அவ்வளவுதான். நாங்கள் பயந்து மூடியது இதைத்தான்.

"ஒரு கொலை கூட இல்லையா?" என்றான் மூன்று கொலைக்காரன். வகுப்பு மறுபடியும் உருண்டது.

வீட்டுக்கு நடந்து போகும்போது மகளிடம், பிழை என்னுடையதுதான் என்றேன். அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"அது புத்தகத்தில இருக்கிற வசனம் அப்பா. சொந்தமா ஒண்டு சொல்லுங்கோ."

நாலு எட்டு நடந்தேன். பெற்ற பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை.

"வாசிக்காம ஒட்டினனான். எல்லாரும் போட்டாங்க எண்டு நானும் கட்டைவிரல் போட்டனான். மன்னிச்சுக்கொள்ளு மகள்."

"ஓம், இப்ப சரி" என்று சொல்லிவிட்டுத் தன் புத்தகப் பையை என் தோளில் மாட்டினாள்.

அன்றிரவே, வகுப்பில் போனில் எடுத்திருந்த வலது பக்கத்தின் படத்தைக் குழுவில் போட்டேன். கட்டைவிரல்கள் குறைவுதான். ஆனால் முதல் படத்தைப் போட்ட தகப்பன், அந்தப் புத்தகத்தை எடுத்து வரும்படி தன் மகனிடம் சொன்னாராம்.

போன மாதம் அது என் கடைக்கு வந்தது. திகதிச் சீட்டு நிரம்பிவிட்டது, புதுச் சீட்டு ஒட்ட வேண்டுமாம். பசையை ஓரமாக வைத்துவிட்டு, வாடிக்கையாளரைக் காக்க வைத்து, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்தேன். இனி எந்தப் புத்தகத்தைப் பற்றி யார் என்ன படம் அனுப்பினாலும், என் கட்டைவிரல் எழும்பும் முன் அந்த முன் வாங்குப் பையனின் கேள்வி எனக்குக் கேட்டுவிடுகிறது.