மலை பாக்கப் போன நாள்

எங்க பக்கம் மேடுன்னு சொன்னா ஏரிக்கரைதான். பிள்ளைப்பாக்கத்துல பொறந்து வளந்தவன் அதவிட ஒசரத்துல நின்னு எதையும் பாத்திருக்க மாட்டான். திருப்பதிக்கு மொட்டை போடப் போனதெல்லாம் கணக்குல வராது. பஸ்ல தூங்கிகினே போய், க்யூல தூங்கிகினே நின்னு, லட்டு வாங்கிகினு வந்தது அது. நாப்பத்தோரு வயசு வரைக்கும் நான் ஒரு மலைய மலைன்னு பாத்ததில்ல. பாத்த அன்னிக்கு ஏன்டா பாத்தோம்னு ஆயிப்போச்சு.

வல்லம் வடகால்ல கார் சீட்டு செய்யற கம்பெனியில எனக்கு வேலை. சீட்டுக்கு இந்தப் பக்கம் நான் போல்ட்டு முடுக்குவேன், அந்தப் பக்கம் என் கூட்டாளி ஒருத்தன் முடுக்குவான். ஒன்பது வருசம் எதிரும் புதிருமா நின்னவங்க நாங்க. என்னவிட அஞ்சு வயசு சின்னவன். ஜவ்வாது மலைக்காரன், அதனால லைன்ல எல்லாருமே அவன 'மலை'ன்னுதான் கூப்புடுவாங்க. ஒருத்தன் லீவு போட்டா ரிலீவர் வந்து நிப்பான். ரெண்டு பேரும் ஒண்ணா லீவு போட முடியாது, லைன் நின்னுடும். அதனாலயே ஒன்பது வருசத்துல ஒரு வாட்டி கூட நாங்க சேந்து எங்கயும் போனதில்ல.

வாய் தொறந்தா அவனுக்கு அவங்க மலைதான். நாங்க கிண்டல் பண்ணுவோம், அவன் வுடமாட்டான். ரோடு வராத காலத்துல அவங்கப்பா சாமையும் புளியும் தலையில வச்சிகினு விடியறதுக்கு முன்ன எறங்க ஆரம்பிச்சா, போளூர் சந்தைக்கு வெயில் ஏறித்தான் வந்து சேருவாராம். வித்துட்டு உப்பும் மண்ணெண்ணெயும் வாங்கிகினு திரும்ப ஏறணும். யாருக்காவது முடியாம போனா மூங்கிக் கழியில கம்பளிய கட்டி, அதுல படுக்க வச்சு, நாலு பேரு டோலி தூக்கினு எறங்குவாங்களாம். அவங்கப்பா முன்கழி ஆளு. எறக்கத்துல முன்கழி பிடிக்கறவன் மேலதான் பாரம் பூரா எறங்கும், அவன் வழுக்குனா எல்லாரும் போனாங்க. எத்தினியோ புள்ளத்தாச்சிங்கள அவரு எறக்கிகீறாரு. அப்புறம் ஜீப்பு வந்துச்சு, உள்ள பாதி ஆளும் மேல பாதி ஆளுமா தொங்கினு போவாங்களாம். அப்புறம் ரோடு, பஸ்ஸு. ஆனா பஸ் நிக்கற எடத்துல இருந்து அவன் ஊருக்கு இன்னும் மூணு கிலோமீட்டர் நடைதான். ரெண்டு ஓடைய தாண்டணும். இத நூறு வாட்டியாவது என்கிட்ட சொல்லிகீறான். அத இங்க நான் சொல்றதுக்குக் காரணம் இருக்கு.

அவங்கப்பா ஒரே ஒரு வாட்டி ஒரகடத்துக்கு மவன் வூட்ட பாக்க வந்தாரு. ஒல்லி ஒடம்பு, தோள்பட்டை மட்டும் காய்ச்சுப்போய் தடிச்சிருந்துச்சு. ரெண்டு நாளு இருந்தாரு. கண்ணுக்கு எட்டுன தூரம் வரைக்கும் தரையா இருக்குதே, நீங்க எத பாத்து வழி கண்டுபுடிக்கறீங்கன்னு என்ன கேட்டாரு. போர்ட பாத்துதான்னேன். சிரிச்சாரு. ஆவணியில வா சாமி, சாமை தலைய ஆட்டற நேரம், மலையே பச்சையா கெடக்கும்னு கைய புடிச்சிகினு சொன்னாரு. கண்டிப்பா வரேன்னேன்.

போவலியே. ஒவ்வொரு ஆவணிக்கும் பேசுவோம். ஒரு வருசம் ஓவர்டைம், ஒரு வருசம் கம்பெனியில ஆடிட்டு, ஒரு வருசம் என் பொண்ணுக்கு காது குத்து. எனக்கோ அந்த மலைய பாக்கணும்னு பைத்தியம் மாதிரி ஒரு ஆசை. டோலி போன பாதைய பாக்கணும், மேகம் காலுக்குக் கீழ போறத பாக்கணும். எம்பொண்டாட்டி கூட, இன்னாயா உனக்கு, அங்க எதுனா பொதைச்சு வச்சிகீறியான்னு கேப்பா.

போன வருசம் ஆவணியில ஒரு நாளு, மொத ஷிப்டு. எட்டு மணி டீ பிரேக்ல லாக்கர தொறந்து போன எடுத்தான். அவன் சித்தப்பா மவன் கிட்ட இருந்து கால். அங்க ஊருக்குள்ள சிக்னல் கெடையாது, ஒரு பாறை மேல ஏறி நின்னாதான் பேச முடியும். அப்பா காலையில எழுந்து, வாய் கொப்புளிச்சு, அப்படியே சாஞ்சுட்டாராம். சீக்கிரம் வா, பொழுதோட எடுத்துடுவாங்கன்னு சொல்லிட்டு அவன் பாறையில இருந்து எறங்கிட்டான். அதுக்கப்புறம் திருப்பிப் போட்டா தொடர்பு எல்லைக்கு வெளியே.

அவன் கையில டீ கப்பு அப்படியே நின்னுச்சு. சூப்பர்வைசர் நல்ல மனுசன், உண்மைய சொல்லணும். நீ கெளம்புபா, ரிலீவர நான் பாத்துக்கறேன்னு ஒடனே சொல்லிட்டாரு. அவன் கம்பெனி கேட்டு வரைக்கும் போயிருப்பான். நான்தான் தடுத்தேன்.

பெரிய இவனாட்டம் கணக்கு போட்டேன். பஸ்ல போனா காஞ்சிபுரம், ஆரணி, போளூர்னு மாறி மாறிப் போவணும், மலை பஸ்ஸ வுட்டா சாயங்காலம்தான் அடுத்தது. ரெண்டு மணிக்கு ஷிப்டு முடியட்டும், என் பைக்ல போலாம், ஆறரைக்குள்ள கொண்டு போய் வுடறேன்னேன். பொழுதோட எடுத்துடுவாங்களேணான்னு கேட்டான். அதுக்கு நான் சொன்னது இன்னிக்கும் என் காதுல கேக்குது.

"ஒரே புள்ள நீ. நீ இல்லாம எவன் எடுப்பான்? ஐஸ் பெட்டி ஏற்பாடு பண்றேன், மூணு நாளுக்கு கூட அலுங்காம இருக்கும்பா."

எங்க ஊர்ல அப்படித்தான். சாவு வுழுந்தா மொத வேலை ஐஸ் பெட்டிக்கு போன் போடறது, அப்புறம்தான் அழுவறது. எங்க பெரியப்பா செத்தப்போ மவன் துபாய்ல இருந்து வர வரைக்கும் மூணு நாளு பெட்டியில இருந்தாரு. வர வேண்டியவன் வந்து மூஞ்சிய பாத்தப்புறம்தான் எடுக்கணும், அது எங்களுக்கு சட்டம் மாதிரி. காஞ்சிபுரத்துல பந்தல் போடற ஒருத்தர் மூலமா போளூர்ல பெட்டிக்காரன புடிச்சேன். ரோடு இருக்கான்னு அவன் கேட்டான். பஸ்ஸே போவுதேன்னேன். மூணு கிலோமீட்டர் நடைபாதை நெனப்பு வராம இல்ல. டோலி தூக்குன ஊருக்கு ஒரு பெட்டி தூக்கறது இன்னா பெருசுன்னு நெனச்சேன். அத சொருக ப்ளக்குல கரண்டு வரணுமேன்னு தோணவே இல்ல.

சரிணான்னு தலைய ஆட்டிட்டு, பெட்டி வருது, நானும் வரேன்னு சித்தப்பா மவனுக்கு மெசேஜ் போட்டு வச்சுட்டு வந்து எதிர்ல நின்னான். ரெண்டு மணி வரைக்கும் நின்னான். அப்பப்போ போல்ட்டு முடுக்காம கைய வச்சிகினு அப்படியே நிப்பான், நான் சுத்தி வந்து அதையும் முடுக்குவேன்.

இப்ப உண்மைய சொல்லிடறேன். என் வண்டிச் சாவிய அவன் கையில குடுத்திருக்கலாம். அவனுக்கு நல்லா ஓட்டத் தெரியும். எட்டேகாலுக்கு கெளம்பியிருந்தா ஒரு மணிக்கெல்லாம் அப்பன் தலமாட்டுல ஒக்காந்திருப்பான். இந்த நெலமையில தனியா ஓட்ட வேணாம்னு சொன்னேன், அதுவும் பொய் இல்ல. ஆனா அது மட்டும் இல்ல. நானும் போவணும்னு எனக்கு இருந்துச்சு. ஆவணி மாசம், சாமை தலைய ஆட்டற நேரம். சாவு வூட்டுக்குப் போறப்போ ஒருத்தன் இத நெனப்பானா? நான் நெனச்சேன். ஆசை வெட்கம் அறியாதுன்னு சும்மாவா சொன்னாங்க.

ரெண்டேகாலுக்கு கெளம்புனோம். வாலாஜாபாத், காஞ்சிபுரம், ஆரணி, எங்கயும் டீக்கு கூட நிக்கல. போளூர் தாண்டி மலை தெரிஞ்சப்போ அஞ்சேகால். அது வரைக்கும் ஒரு வார்த்தை பேசாதவன் ஏற ஆரம்பிச்சதும் பேச ஆரம்பிச்சுட்டான். அழுவல, பேசினே வந்தான். இதோ இந்த எடத்துலதாணா டோலிய எறக்கி வச்சு தண்ணி குடிப்பாங்க. இந்த வளைவுலதான் ஜீப்பு கவுந்துச்சு. இந்தக் கடுக்கா மரத்தடியில ஒரு புள்ள பொறந்துச்சு, எங்கப்பா கம்பளியில சுத்தி எடுத்துகினு வந்தாரு. என் முதுகுல அவன் நெஞ்சு பேச்சுக்குப் பேச்சு அதுருனது எனக்குத் தெரிஞ்சுது.

நான் கேட்டுகினே பாத்துகினு வந்தேன். என்னான்னு சொல்றது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் காத்து ஒரு மாத்து குளிராச்சு. மழை பேஞ்சு விட்டிருந்துச்சு. பாறை மேல எல்லாம் தண்ணி நூலா வழியுது, மூங்கில் புதரு ரோட்டு மேல கவுந்து கெடக்குது. மேல ஏறுனதும் சரிவு சரிவா சாமை, காத்து ஒரு பக்கத்துல இருந்து தள்ளுனா மறுபக்கம் வரைக்கும் பச்சை ஓடுது. கீழ ஊருங்க மேல மேகம் நிக்குது. தூரத்துல ஒரு மலைக்குப் பின்னால இன்னொரு மலை, அதுக்குப் பின்னால இன்னொண்ணு, கடைசி ஒண்ணு நீலமா வானத்தோட ஒட்டிகினு. எனக்கு நெஞ்சு நெறைஞ்சு போச்சு. ஒரு வளைவுல, என்னையும் அறியாம வண்டிய மெதுவாக்கிட்டேன். அவன் பேச்ச நிறுத்திட்டு, இன்னாணா பெட்ரோலான்னு கேட்டான். இல்லபான்னு சொல்லி முறுக்குனேன்.

பஸ் நிக்கற எடத்துல வண்டிய போட்டுட்டு ஓட்டமும் நடையுமா போனோம். ரெண்டாவது ஓடைய தாண்டறப்பவே எதிர்ல ஆளுங்க ஈரத் துணியோட வந்துகினு இருந்தாங்க. அவங்கள பாத்ததும் நின்னுட்டான். குளிச்சுட்டு வராங்கன்னா வேலை முடிஞ்சுதுன்னு அர்த்தம். எனக்கும் அது புரிஞ்சுது.

சித்தப்பா மவன்தான் சொன்னான். பெட்டி வந்துச்சாம், மூணு மணிக்கே. ஆறு பேரு தூக்கிப் பாத்தாங்களாம், மொத ஓடையில எறங்கறப்பவே வழுக்கி ஒருத்தன் கால் நசுங்கிடுச்சு. அதுக்கு மேல, முந்தா நாளு அடிச்ச காத்துல போன கரண்டும் ஊர்ல இன்னும் வரல. பெட்டிக்காரன் திருப்பி எடுத்துகினு போயிட்டான். பெட்டி வரும் வரும்னு மத்தியானம் வரைக்கும் பாத்தோம், அப்புறம் நீ வருவேன்னு அஞ்சரை வரைக்கும் வச்சிருந்தோம், ஒடம்பு தாங்கல, மழையும் கட்டிகினு வந்துச்சுன்னு சொன்னான்.

அப்பாவ பொதைச்ச மண்ணு மேட்டு மேல அவன் குப்புற வுழுந்து கெடந்தான். வாய்க்கரிசி போடக் குடுத்து வைக்கலியேன்னு ஒரே ஒரு வாட்டி சொன்னான். நான் பக்கத்துல நின்னேன். வேற இன்னா பண்றது.

அவங்கம்மா என்ன கூப்டு, வேலைய வுட்டுட்டு எம்புள்ளய கூட்டினு வந்தியே சாமி, நீ நல்லா இருக்கணும்னு சொல்லிச்சு. கூழு குடுத்துச்சு. குடிச்சேன்.

ரெண்டாவது ஷிப்டுக்கு மாத்தி வாங்கியிருந்தேன், அதனால மறுநாள் காலையில நான் மட்டும் கெளம்பணும். என்ன வழி அனுப்ப பஸ் ரோடு வரைக்கும் நடந்து வந்தான். வெயில் அடிச்சுது. கீழ பள்ளத்தாக்கு பூரா மேகம், நாங்க அதுக்கு மேல நின்னுகினு இருந்தோம். வண்டிய எடுக்கறப்போ சொல்லிடலாம்னு வாய தொறந்தேன். நான் சாவிய குடுத்திருக்கலாம்பா, நான்தான் வரணும்னு ஆசைப்பட்டேன்னு சொல்ல வந்தேன். அதுக்குள்ள அவன் கேட்டுட்டான். அவன் குரல்ல குத்தம் எதுவும் இல்ல, அதுதான் என்னால தாங்க முடியல.

"ஒன்பது வருசமா கேட்டுகினே இருந்தியேணா. எங்க மலைய பாத்துட்டியா?"

பாத்துட்டேன்பான்னு சொன்னேன். அவங்கப்பா மூஞ்சிய அவன் பாக்கல.